டொரண்டோவுக்குப் புதுசா வந்தவங்களுக்கு: சனிக்கிழமை ஆனா ஊர் சுத்தக் கெளம்புங்க

வந்து எறங்குன முதல் மூணு மாசம் எனக்கு டொரண்டோன்னா ஸ்கார்பரோல நான் இருந்த பேஸ்மென்ட் ரூம், வேலைக்குப் போற பஸ், பக்கத்து ப்ளாசால இருந்த தமிழ்க்கடை, அவ்ளோதான். வேலைக்குச் சேரத் தேவையான சின் நம்பர் எப்படி எடுக்கணும், எந்த பேங்க்ல அக்கவுண்ட் தொறக்கணும், வின்டர் ஜாக்கெட் எங்க வாங்கணும்னு சொல்றதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க, அந்த வேலையெல்லாம் ரெண்டு மூணு வாரத்துல முடிஞ்சிரும். அதுக்கப்புறம் வர்ற சனிக்கிழமைய என்ன பண்றதுன்னு யாரும் சொல்லல. நான் வந்தது ஜனவரில, அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிடும், ரூம்ல படுத்து போனையே பாத்துக்கிட்டு, மதுரைல இப்ப மணி என்ன, அம்மா எந்திரிச்சிருப்பாங்களான்னு கணக்கு போட்டுட்டே கெடப்பேன். இது நெறைய பேருக்கு நடக்குது, அதனாலதான் இத எழுதுறேன்.

அப்ப ஆரம்பிச்சதுதான் இந்த சனிக்கிழமை ப்ராஜெக்ட். டொரண்டோ சிட்டி தன்னோட கணக்குக்காக ஊர 158 ஏரியாவா பிரிச்சு வெச்சிருக்கு (முன்னாடி 140 இருந்துச்சு, 2022ல திருத்துனாங்க), அந்த மேப் சிட்டி வெப்சைட்லயே ஓசில கெடைக்கும். அத எடுத்து வெச்சுக்கிட்டேன், ஒரு சனிக்கிழமைக்கு ஒரு ஏரியா, அங்க ஒரு வேளை சாப்பாடு, வரியும் டிப்ஸும் சேர்த்து இருபது டாலருக்குள்ள, சாப்பிட்டதும் உடனே பஸ் ஏறாம ஒரு பெரிய சிக்னல்ல இருந்து அடுத்த பெரிய சிக்னல் வரைக்கும் நடக்கணும். ஸ்கார்பரோ பக்கம் லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட் மாதிரி பெரிய ரோடுங்க ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டருக்கு ஒண்ணா போட்டிருக்காங்க, அப்ப ஒரு அரை மணி நேர நடை. திரும்பி வந்து நோட்டுல தேதி, ஏரியா, என்ன சாப்பிட்டேன், யார்கிட்ட பேசுனேன்னு நாலு வரி. மூணு வருஷத்துல 61 ஏரியா முடிச்சிருக்கேன்.

முதல்ல பஸ் காசு விஷயம், ஏன்னா இது தெரியாம நெறைய பேர் ரெண்டு தடவ கட்டுறாங்க. டிடிசில (ஊர் பஸ், ட்ராம், சுரங்க ரயில் ஓட்டுறவங்க) ப்ரெஸ்டோங்கிற பயணக் கார்டோ பேங்க் கார்டோ தட்டுனா இப்போதைக்கு 3.30 டாலர், ஆனா அந்த ஒரு தட்டு ரெண்டு மணி நேரத்துக்கு செல்லும், எந்தப் பக்கம் போனாலும், எத்தன தடவ எறங்கி ஏறுனாலும் சரி. ஒவ்வொரு தடவையும் அதே கார்டத் தட்டுங்க, மிஷின் தானா கணக்கு பாத்துக்கும். சாப்பாட்ட சீக்கிரம் முடிச்சா போயிட்டு வர்றது ரெண்டும் ஒரே டிக்கெட்லயே முடிஞ்சிரும். 2024 பிப்ரவரில இருந்து டிடிசில போயிட்டு மார்க்கம் பக்கம் யார்க் ரீஜன் பஸ்ல மாறுனாலும் தனியா காசு இல்ல. பன்னெண்டு வயசு வரைக்கும் பசங்களுக்கு டிடிசில ஃப்ரீ, குடும்பமா வந்தவங்க இத மறக்காதீங்க.

எங்க ஆரம்பிக்கலாம்? வீட்டுக்குப் பக்கத்துலயே ஆரம்பிங்க. ஸ்கார்பரோல ஈழத்தமிழர் டேக் அவுட் கடைங்க எவ்வளவு இருக்குன்னு எண்ணி முடியாது, ஆனா தமிழ்நாட்டுல இருந்து வர்ற நம்ம ஆளுங்க பாதிப்பேர் தோசைக்கடை எங்கன்னு தேடிட்டு அத தாண்டிப் போயிடுறாங்க. நான் முதல் தடவ போனப்ப கவுண்டர்ல இருந்த அம்மா என் பேச்சக் கேட்டுட்டு, "தம்பி இந்தியாவோ? கொத்து எடுங்கோ, உறைப்பு கூடவோ குறையவோ?"ன்னு கேட்டாங்க, கொத்துன்னா கொத்து ரொட்டி, உறைப்புன்னா காரம்னு எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. மரக்கறி ரோல்னா உள்ள காய்கறி, மாலு பணிஸ்னா மீன் வெச்ச பன், இடியப்பத்துக்குக் கூட சொதியும் (தேங்காப்பால் கொழம்பு) சம்பலும் (தேங்காத் துவையல் மாதிரி) வரும், கறின்னா அவங்களுக்கு சோத்துக்குத் தொட்டுக்குற எல்லாத்துக்கும் பொதுப்பேரு, இறைச்சின்னு சொன்னாதான் மட்டன் கோழி. போர்டுல டொரண்டோவ ரொறன்ரோன்னு எழுதியிருப்பாங்க, குழம்பாதீங்க. எண்பதுகள்ல போர்ல இருந்து தப்பிச்சு வந்தவங்க முதல்ல டவுன்டவுன்ல வெல்லஸ்லி பார்லிமென்ட் பக்கம் அடுக்குமாடில ஒரு வீட்டுக்குள்ள பத்து பேரா இருந்து, அப்புறம் கெழக்கால ஸ்கார்பரோவுக்கு நகர்ந்து இந்தக் கடைகள எல்லாம் கட்டியிருக்காங்க. நாம இன்னைக்கு வந்து எறங்குன உடனே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கெடைக்குதுன்னா அதுக்குக் காரணம் அவங்க. அந்த மரியாதையோட போங்க, நின்னு பேசுங்க. எனக்கு முதல் வேலைக்கு ரெஃபரன்ஸ் குடுத்தது அப்படி பேசிப் பழகுன ஒரு அண்ணன்தான்.

அடுத்து 506ம் நம்பர் ஸ்ட்ரீட்கார், அதாவது ரோட்டுல ஓடுற ட்ராம். ஒரே வண்டில உலகத்தப் பாக்கணும்னா இதுதான். கெழக்கால ஜெரார்ட் ஸ்ட்ரீட்ல காக்ஸ்வெல் பக்கம் இந்தியா பஜார், 1972ல அங்க ஒரு பழைய தியேட்டர எடுத்து நாஸ்னு பேர் வெச்சு ஹிந்திப்படம் போட ஆரம்பிச்சாங்க, படம் பாக்க வந்த கூட்டத்துக்காக சாப்பாட்டுக்கடை, அப்புறம் புடவைக்கடைன்னு தெருவே உருவாச்சு. அங்கிருந்து மேற்க போனா கேபேஜ்டவுன், காலேஜ் ஸ்ட்ரீட், ஸ்படைனா. ஸ்படைனால எறங்குங்க, அங்க ஒரு நாள் முழுசா வேணும். சைனாடவுன் முதல்ல அங்க இல்ல, இப்ப சிட்டி ஹால் இருக்குற எடத்துக்கிட்டதான் இருந்துச்சு, 1965ல தொறந்த அந்தப் புது சிட்டி ஹாலுக்காக அதுல பெரும்பகுதிய இடிச்சதும் கடைங்க மேற்க ஸ்படைனாவுக்கு நகர்ந்துச்சு. பக்கத்துலயே கென்சிங்டன் மார்க்கெட், நூறு வருஷம் முன்னாடி யூதர்கள் வீட்டு வாசல்ல வண்டி போட்டு வித்த எடம், அவங்க போனதும் போர்ச்சுகீசியர், கரீபியன் ஆளுங்க, லத்தீன் அமெரிக்கர்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. 2006ல அத தேசிய வரலாற்று எடமா அறிவிச்சாங்க. அந்தத் தெருல நின்னப்பதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, இந்த ஊர்ல எல்லா ஏரியாவும் யாரோ ஒருத்தர் புதுசா வந்து எறங்கி பயந்துக்கிட்டே ஒரு கடைய தொறந்ததுல ஆரம்பிச்சதுதான், நானும் அந்த வரிசைலதான் நிக்குறேன்னு.

கரீபியன் சாப்பாட்ட பத்திக் கொஞ்சம் அதிகமாவே சொல்லணும், ஏன்னா இது நம்ம கதையும் கூட. 1838ல கயானாவுக்கும் 1845ல ட்ரினிடாட், ஜமைக்காவுக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு கப்பல்ல நம்ம நாட்டு ஜனங்கள கொண்டு போக ஆரம்பிச்சாங்க, பெரும்பாலும் கல்கத்தாவுல இருந்து, கொஞ்சம் பேர் மெட்ராஸ்ல இருந்து. அவங்க கொண்டு போன சமையல் அங்க மாறி, அவங்க பேரப்பிள்ளைங்களோட இந்த ஊருக்கு வந்திருக்கு. ஸ்கார்பரோல ட்ரினிடாட் ரொட்டிக்கடைல தால்பூரின்னு கேளுங்க, நம்ம பருப்புப் போளில வெல்லம் இல்லாம உப்பும் சீரகமும் போட்டா எப்படி இருக்கும், அதுதான், பெரிசா, அதுக்குள்ள ஆட்டுக்கறி வெச்சு மடிச்சுத் தருவாங்க. டபுள்ஸ்னு ஒண்ணு இருக்கு, பொரிச்ச சின்ன ரொட்டி ரெண்டு, நடுவுல கொண்டக்கடலைக் கறி, சில டாலருக்குக் காலை டிபன் முடிஞ்சிரும். எக்ளின்டன் வெஸ்ட்ல லிட்டில் ஜமைக்கா இருக்கு, 2011ல ஆரம்பிச்ச எல்ஆர்டி ரயில் வேலை வருஷக்கணக்கா இழுத்து, வாசல் முழுக்க தடுப்பு வெச்சு, நெறைய கடை மூடிட்டாங்க. இன்னமும் பல்லக் கடிச்சு நிக்கிற கடைங்க இருக்கு, தயவுசெஞ்சு போய் சாப்பிடுங்க. அங்க பேட்டின்னு (patty) ஒரு பலகாரம் வாங்குங்க, மஞ்சக்கலர்ல நம்ம ஊர் பப்ஸ் மாதிரி இருக்கும். 1985ல இந்த பேட்டிய பீஃப் பேட்டின்னு சொல்லக்கூடாதுன்னு கனடா அரசாங்கத்து அதிகாரிங்க ஜமைக்கா பேக்கரிக்காரங்ககிட்ட சண்டைக்கு வந்து, அவங்க விட்டுக்குடுக்காம நின்னு ஜெயிச்சாங்க. நம்ம சாப்பாட்டுக்கு நம்ம வெச்ச பேருக்காக நின்னவங்க, எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

சைவம் சாப்பிடுறவங்க இந்த ப்ராஜெக்ட் நமக்கில்லன்னு நெனைக்காதீங்க. டேன்ஃபர்த்ல க்ரீக்டவுன தாண்டி கெழக்கால க்ரீன்வுட் பக்கம் எத்தியோப்பியக் கடைங்க இருக்கு, அங்க இஞ்சேரான்னு புளிச்ச மாவுல சுட்டு, ஒரு பக்கம் மட்டும் ஓட்ட ஓட்டயா, ஆப்பத்துக்கும் தோசைக்கும் நடுவுல ஒண்ணு தருவாங்க, மாவு டெஃப்னு ஒரு சின்ன தானியத்துல அரைச்சது. அவங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி விரதம் இருப்பாங்க, கறி பால் முட்டை எதுவும் தொட மாட்டாங்க, அதனால பருப்பு, கீரை, முட்டைக்கோஸ்னு சைவத்தட்டு எல்லா கடைலயும் இருக்கும். ஒரே தட்டுல எல்லாரும் கையால சாப்பிடுவாங்க. வந்து மூணு மாசமா ஸ்பூன்ல சாப்பிட்டுட்டு இருந்த எனக்கு அன்னைக்கு கை வெச்சு சாப்பிட்டப்ப கண்ணு கலங்கிடுச்சு. லாரன்ஸ் ஈஸ்ட்ல விக்டோரியா பார்க்ல இருந்து கெழக்கால வெக்ஸ்ஃபோர்ட் பக்கம் அரபுக் கடைங்க, ஃபலாஃபல் (கொண்டக்கடலை வடை மாதிரி), மனாகிஷ் (மேல மசாலா இல்லன்னா சீஸ் வெச்சு சுட்ட ரொட்டி), அப்புறம் குனாஃபா (சீஸ் வெச்ச இனிப்பு), அதுவும் நமக்கு சரியா வரும். வியட்நாம், தாய்லாந்து கடைங்கள்ல மட்டும் கேட்டுட்டு சாப்பிடுங்க, காய்கறின்னு போட்டிருந்தாலும் மீன் சாஸ் இருக்கும்.

பில் வர்ற நேரத்துல புதுசா வந்தவங்க ரொம்ப பதறுவாங்க. மெனுல இருக்க விலை மேல 13 சதவீதம் எச்எஸ்டின்னு வரி வரும், நாலு டாலருக்குள்ள வாங்குற டிபனுக்கு மட்டும் 5 சதவீதம். உக்காந்து சாப்பிட்டா டிப்ஸ் 15 சதவீதம் வெச்சா போதும், மிஷின் 18, 20, 22னு காட்டும், நாமளே தொகை போடுற பட்டன் அதுலயே இருக்கும், கூச்சப்படாதீங்க. அந்த சதவீதத்த பெரும்பாலும் வரி சேர்த்த மொத்தத்துக்குப் போடும், அதையும் பாருங்க. கவுண்டர்ல வாங்கிட்டுப் போறதுக்கு டிப்ஸ் கட்டாயம் இல்ல. நாங்க எட்டு பேரா போன ஒரு கடைல பில்லுலயே சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டு, மிஷினையும் நீட்டிட்டாங்க, கவனிக்காம ரெண்டு தடவ குடுத்துட்டு வந்தோம், கூட்டமா போனா பில்ல முழுசா படிங்க. கைல ஒரு இருபது டாலர் நோட்டு எப்பவும் வெச்சுக்கோங்க, சின்னக் கடைங்க சில எடத்துல கார்டு வாங்க மாட்டாங்க. வாசல்ல பச்சை அட்டை இருக்கான்னு பாருங்க, டைன்சேஃப்னு 2001ல இருந்து சிட்டி சோதனை பண்ணி ஒட்டுறது, மஞ்சள்னா குறை இருக்கு சரி பண்ணிட்டு இருக்காங்கன்னு அர்த்தம், சிவப்புன்னா மூடிட்டாங்க.

நடந்து களைச்சா, குளிர் தாங்கலன்னா, பாத்ரூம் வேணும்னா லைப்ரரிக்குப் போங்க. டொரண்டோ முழுக்க 100 கிளை இருக்கு, எந்த ஏரியாவுக்குப் போனாலும் ஒண்ணு பக்கத்துல இருக்கும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, கார்டு ஃப்ரீ, தமிழ் புத்தகமும் எடுக்கலாம். ஜனவரி பிப்ரவரில வெளிய நடக்க முடியாத வாரத்துக்கு செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட், இல்லன்னா ஸ்டீல்ஸ் கென்னடி முனைல பசிஃபிக் மால், 1997ல தொறந்தது, உள்ளேயே அரை நாள் போயிடும்.

தனியா போகக் கூச்சமா இருந்தா மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்குப் போங்க, கூட்டம் கொறஞ்சிருக்கும், கடைக்காரங்களுக்கும் பேச நேரம் இருக்கும். "இதுதான் எனக்கு முதல் தடவ, நீங்க வீட்டுல என்ன சாப்பிடுவீங்களோ அதக் குடுங்க"ன்னு இங்கிலீஷ்ல சொல்லிடுங்க, தப்பா வந்தாலும் பரவால்ல. இந்த ஒரு வரிக்கு இதுவரைக்கும் ஒருத்தர் கூட என்கிட்ட மூஞ்சக் காட்டுனது இல்ல, எல்லாரும் அப்படி ஒரு நாள் வந்து நின்னவங்கதான்.

இந்த சனிக்கிழமை 62வது. திருச்சில இருந்து போன மாசம் வந்த தம்பி ஒருத்தன் மேல் ரூம்ல இருக்கான், அவனையும் கூட்டிட்டு பேதர்ஸ்ட் வில்சன் முனைக்குப் போறேன், லிட்டில் மனிலான்னு சொல்லுவாங்க, பிலிப்பீன்ஸ் கடைங்க. அங்க சினிகாங்னு ஒரு சூப்பு இருக்காம், புளி கரைச்சு ஊத்தி, முள்ளங்கியும் கத்திரிக்காயும் போட்டு, சோத்தோட. இதச் சொன்னதும் அவன், "அண்ணே, அது நம்ம வீட்டுக் கொழம்பு மாதிரில்ல இருக்கு"ன்னான், வந்ததுல இருந்து அவன் சிரிச்சு நான் பாத்தது அப்பதான்.