புளியரை லாரி க்யூவும் ராத்திரி எட்டு மணி நெட்டும்: க்யூ கணக்கு போடுறது எப்படி

செங்கோட்டையில கேபிள் நெட் லைன் கொடுக்கிற எங்க மச்சான் ஒரு நாள் போன் போட்டு, "மாப்ள, ரவுட்டர்ல லைன் தொண்ணூறு பர்சென்ட் தான் ஓடுறதா காட்டுது, இன்னும் பத்து மிச்சம் கெடக்கு, அப்புறம் எதுக்குவே எட்டு மணி ஆனா எல்லாரும் நெட்டு இழுக்குதுன்னு என்னைய ஏசுதாங்க"ன்னு கேட்டாரு. அந்த பத்து பர்சென்ட் எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிற கணக்கு தான் இது, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

முதல்ல கேரளா எல்லையில இருக்கிற புளியரை செக்போஸ்ட்டுக்கு வாங்க. ஓணத்துக்கு முந்தின வாரம், பாவூர்சத்திரம் சுரண்டை பக்கமிருந்து காய்கறி ஏத்தின வண்டி எல்லாம் ஆரியங்காவு ரோட்டைப் பாத்து வரும். ஒரு வண்டியைப் பாத்து அனுப்ப ஒரு நிமிஷம்னு வச்சுக்கோங்க. வண்டியும் கரெக்டா நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வந்தா க்யூவே இருக்காது. ஆனா யாரு அப்படி வாரா? டீக்கடையில நிறுத்தி பேசிட்டு அஞ்சு வண்டி சேந்து வரும், அப்புறம் அஞ்சு நிமிஷம் ஒண்ணுமே வராது. அந்த சும்மா நின்ன அஞ்சு நிமிஷத்தை எடுத்து வச்சு அடுத்த கூட்டத்துக்கு செலவழிக்க முடியாதுல்ல, அங்க தான் க்யூ பொறக்குது. நெட்ல போற தகவலைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டித் தான் அனுப்புவாங்க, அந்தத் துண்டுக்குப் பேரு பாக்கெட்; ரவுட்டர்ல அந்த பாக்கெட்டுக்கும் இதே கதை தான்.

இந்த யோசனை புதுசு இல்ல. டென்மார்க்ல கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில வேலை பாத்த எர்லாங் 1909லயே போன் கால் எப்படி வருதுன்னு கணக்கு எழுதிட்டாரு, எத்தனை லைன் போட்டா எத்தனை கால் கிடைக்காம போகும்ங்கிற ஃபார்முலா 1917ல வந்துச்சு. 1960கள்ல கிளைன்ராக்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குக் கொண்டு வந்தாரு.

சரி, வேலைக்கு வருவோம். மொத வேலை, லைன் ஒரு செகண்டுக்கு எத்தனை பாக்கெட்டை அனுப்ப முடியும்னு பாக்கணும், இதுக்குப் பேரு மியூ. கணக்கு லேசா இருக்க 10 எம்பிபிஎஸ் லைன்னு வைங்க, அதாவது செகண்டுக்கு 1 கோடி பிட் போகும். ஒரு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். 1 கோடியை 12,000ஆல வகுத்தா 833 சொச்சம் (833.33), ஒரு பாக்கெட்டுக்கு 1.2 மில்லிசெகண்ட் (ஒரு செகண்டுக்கு ஆயிரம் மில்லிசெகண்ட்). (எல்லா பாக்கெட்டும் 1500 இருக்காது, ரவுட்டர்ல மொத்த பைட்டை மொத்த பாக்கெட்டால வகுத்தா உங்க சராசரி சைஸ் வந்துரும், அதைப் போடுங்க.)

அடுத்தது லாம்டா, செகண்டுக்கு எத்தனை பாக்கெட் வந்து சேருது. ரவுட்டர் பேஜ்ல பாக்கெட் கவுண்டர் இருக்கும், எட்டு மணிக்கு ஒரு தடவை எழுதிக்கோங்க, எட்டு அஞ்சுக்கு இன்னொரு தடவை. கழிச்சு 300ஆல வகுங்க. வித்தியாசம் 2,25,000 வந்தா லாம்டா 750. டவுன்லோடு பக்கம் தனி, அப்லோடு பக்கம் தனி, ரெண்டையும் சேத்துராதீங்க. நிறைய பேரு இங்க தான் கோட்டை விடுதாங்க, முழு நாள் சராசரியை எடுத்துட்டு லைன் காலியா தான கெடக்குன்னு உக்காந்துருப்பாங்க. விடியக்காலம் மூணு மணி அமைதியால எட்டு மணிக்காரனுக்கு என்ன லாபம்?

லாம்டாவை மியூவால வகுத்தா 0.9. இது ரோ, மச்சான் சொன்ன தொண்ணூறு பர்சென்ட்.

இப்ப முக்கியமான இடம். ஒரு பாக்கெட் வந்து நின்னு வெளிய போற வரைக்கும் ஆகுற சராசரி நேரம் = 1 ÷ (மியூ − லாம்டா). இதுக்கு எம்/எம்/1 மாடல்னு பேரு: பாக்கெட் வர்ற நேரமும் ஒரு பாக்கெட்டை அனுப்ப ஆகுற நேரமும் முன்னப்பின்ன இருக்கும், அனுப்ப ஒரே லைன் தான்னு வச்சுப் போட்ட கணக்கு. கீழ இருக்கிறது கழித்தல், அதைக் கவனிங்க. லாம்டா 500 இருந்தா 3 மில்லிசெகண்ட். 750க்கு 12. 800க்கு 30. 825க்கு 120! 800க்கும் 825க்கும் இடையில ட்ராஃபிக் மூணு பர்சென்ட் தான் ஏறிருக்கு, தாமதம் நாலு மடங்கு ஆயிருச்சு. மிச்சம் இருக்குன்னு மச்சான் நெனச்ச அந்த பத்து பர்சென்ட்டுக்குள்ள தான் இத்தனையும் நடக்குது. ரவுட்டர் காட்டுறது அஞ்சு நிமிஷ சராசரியா இருந்தா, நடுவுல 98, 99னு தொட்டுட்டு வந்திருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. லாம்டா மியூவைத் தாண்டிட்டா இந்த ஃபார்முலா மைனஸ்ல விடை சொல்லும், அப்ப கணக்கை மூடி வச்சுட்டு பெரிய லைன் வாங்குங்க.

சரி பாக்க ஒரு வழி இருக்கு, 1961ல லிட்டில்ங்கிறவரு நிரூபிச்சது: உள்ள இருக்கிற பாக்கெட் = லாம்டா × நேரம் (நேரத்தை செகண்ட்ல போடணும், 12 மில்லிசெகண்ட்னா 0.012). 750 × 0.012 = 9. ரோ ÷ (1 − ரோ) போட்டாலும் 9 தான் வரணும், வரலைன்னா எங்கயோ யூனிட் மாத்திப் போட்டிருக்கீங்க.

நெசத்துல ஒத்துப் போகுதான்னு பிங் போட்டுப் பாருங்க, அதாவது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளக்கிறது. விடியக்காலம் லைனோட அந்தப் பக்கத்து ரவுட்டருக்கு நூறு பிங், அதுல ஆகக் குறைஞ்சதை எழுதுங்க. ராத்திரி எட்டுக்கு நூறு பிங், சராசரி எடுங்க. வித்தியாசம் தான் க்யூல நின்ன நேரம், நம்ம கணக்குப்படி 12ல அந்த 1.2ஐக் கழிச்சு 10.8 பக்கம் வரணும். எல்லா பாக்கெட்டும் ஒரே சைஸா இருந்தா காத்திருப்பு இதுல பாதி தான். அளந்தது ரொம்பக் கூட வந்தாலும் பயப்படாதீங்க, நெட் ட்ராஃபிக் இந்த மாடல் நெனைக்கிறதை விடக் கூட்டம் கூட்டமா வரும், 1994ல ஈதர்நெட் (கம்ப்யூட்டர்களை ஒயர்ல இணைக்கிற நெட்வொர்க்) ட்ராஃபிக்கை அளந்து காட்டுன பேப்பரே இருக்கு. அதனால இந்த விடையைக் குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு எடுத்துக்கிறது என் பழக்கம்.

பஃபர் விஷயம் ஒண்ணு, க்யூல நிக்கிற பாக்கெட்டுக்கு ரவுட்டர் ஒதுக்கி வச்சிருக்கிற இடம் தான் பஃபர். ரோ 0.9ல பத்து பாக்கெட்டுக்குத் தான் இடம்னா நூத்துக்கு அஞ்சு கீழ விழும், இருபதுக்கு இடம் இருந்தா ஒண்ணரை கூட விழாது. அப்படின்னா ஆயிரம் வச்சுருவோம்னு தோணும். அது நெறைஞ்சா கடைசி பாக்கெட் 1.2 செகண்ட் நிக்கணும், வீடியோ கால்ல அம்மா பேசுறது ஒரு செகண்டுக்கு மேல தள்ளி தான் வந்து சேரும்.

மச்சானுக்கு ரெண்டு யோசனை இருந்துச்சு: இன்னொரு 10 லைன் வாங்கி பாதி வீட்டை அதுல மாத்துறது, இல்ல ஒரே 20 லைனா போடுறது. பிரிச்சா ஆளுக்கு 375, நேரம் 2.2 மில்லிசெகண்ட். ஒண்ணா விட்டா மியூ 1667, நேரம் 1.1. ஒரு லைன்காரன் சும்மா இருக்கையில இன்னொரு லைன்ல க்யூ நிக்கிற கூத்து இதுல இல்ல, அதான் பாதி. ஆனா ஒத்த லைன் அந்து போனா மொத்த ஊரும் போச்சு, அந்த பயம் இந்தக் கணக்குக்குள்ள வராது.

மச்சான் 20 போட்டாரு. ஜூன்ல குற்றாலம் சீசன் ஆரம்பிச்சு லாட்ஜ் எல்லாம் நெறைஞ்சதும் அந்த அஞ்சு நிமிஷக் கவுண்டரை மறுபடி எழுதச் சொல்லிருக்கேன்.