எஃகுத் தகட்டில் பிராக் கீற்றணி உணரியை ஒட்டித் திரிபை அளப்பது எப்படி

ஒளியிழையின் உள்ளகத்தில் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கி எழுதினால், அந்தப் பகுதி தனக்கென அமைந்த ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்றவற்றைக் கடந்துபோக விடும். இதுவே பிராக் கீற்றணி. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென்னத் ஹில் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். புற ஊதாக் கதிரை இழையின் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி, வேண்டிய அலைநீளத்தில் கீற்றணியை எழுதும் முறையை 1989இல் மெல்ட்ஸ் குழுவினர் வெளியிட்ட பிறகே இது அளவீட்டுக் கருவியாகப் பரவியது. 1993இல் கால்கரி நகரின் பெடிங்டன் டிரெயில் பாலத்தில் இவ்வுணரிகள் பொருத்தப்பட்டன.

இழை நீண்டால் கீற்றுகளின் இடைவெளி கூடும். திரும்பும் அலைநீளமும் அதற்கேற்ப நகரும். 1550 நானோமீட்டர் பகுதியில் ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் திரிபுக்கு, அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு, சுமார் 1.2 பிகோமீட்டர் நகர்வு கிடைக்கும். வெப்பநிலையும் இதே அலைநீளத்தை நகர்த்தும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். எதிலும் ஒட்டாத இழையில் அது ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 பிகோமீட்டர். ஆய்வகத்தில் கிடைக்கும் தவறான முடிவுகளுக்கு ஒளியியலைவிடப் பசையும் வெப்பமுமே பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம். ஆகவே இக்குறிப்பில் அவ்விரண்டுக்கும் கூடுதல் இடம் தருகிறேன்.

இழையை வாங்கும்போதே பாலிஇமைடு பூச்சுள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தொலைத்தொடர்பு இழைகளில் உள்ள அக்ரிலேட் பூச்சு மென்மையானது. தகட்டின் திரிபு முழுவதையும் அது கண்ணாடிக்குக் கடத்தாது. இணைப்பான்கள் அனைத்தும் ஒரே வகையாக இருக்க வேண்டும். முனை 8 டிகிரி சாய்வாக மெருகிடப்பட்ட பச்சை நிற இணைப்பானை நீல நிற இணைப்பானோடு சேர்த்தால் ஒளி இழப்பும் தேவையற்ற எதிரொளிப்பும் ஏற்படும்.

தகட்டில் உணரி அமரும் இடத்தை முதலில் 220, பிறகு 400 எண் எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். பஞ்சில் கறுப்பு ஏறாத வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். துடைத்த இடத்தை அதன் பிறகு விரலால் தொடக் கூடாது. கீற்றணியின் மையமும் இழையின் திசையும் தெரியுமாறு மெல்லிய கோடுகளைப் பென்சிலால் இட்டுக்கொள்ளலாம்.

இனி முன்இழுவை, அதாவது ஒட்டும் முன்பே இழையை இழுத்து வைப்பது. இழையின் ஒரு முனையைத் தகட்டுக்கு அப்பால் நாடாவால் இறுக ஒட்டி, மறுமுனையை வழுவழுப்பான ஓர் உருளையின் மேல் போட்டு 50 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி இழையில் அந்த எடை ஏறத்தாழ 550 மைக்ரோஸ்ட்ரெயினை உண்டாக்கும். அலைநீளத்தை அளக்கும் கருவியின் திரையில், திரும்பும் ஒளியின் உச்சம் சுமார் 0.65 நானோமீட்டர் நகர வேண்டும். வெகுவாகக் குறைந்தால் நாடா வழுக்குகிறது அல்லது உருளையில் இழை சிக்குகிறது என்று பொருள். பசை போடுவதற்கு முன்பே இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சோதனையைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

ஓரிரு நாள் சோதனைக்குச் சயனோஅக்ரிலேட் பசை போதும்; மாதக்கணக்கில் அளக்க வேண்டுமானால் இருகூறு எபாக்சியே ஏற்றது, ஆனால் அறை வெப்பநிலையில் அது முழுமையாக இறுக ஒரு நாளாவது விட வேண்டும். எதுவாயினும் மெல்லிய படலமாக, கீற்றணியின் நீளத்தைத் தாண்டி இருபுறமும் சில மில்லிமீட்டர் வரும்படி பூச வேண்டும். பசை இறுகியபின் உச்சத்தின் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல் நிறமாலையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஒற்றை உச்சம் இரண்டாகப் பிளந்திருந்தாலோ தோள் போலப் புடைத்திருந்தாலோ பசை சீரற்றுப் பிடித்திருக்கிறது அல்லது காற்றுக்குமிழி சிக்கியிருக்கிறது. அந்த உணரியைக் கைவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்தது வெப்பநிலை. நான் முதன்முதலில் ஒட்டிய உணரி, எடை எதுவும் வைக்காமலே மதிய வேளையில் 40 மைக்ரோஸ்ட்ரெயின் அளவு இறங்கியது. பசை வழுக்குகிறது என்றெண்ணி இரண்டு நாள் வீணடித்தேன். யாரோ ஏசியைப் போட்டதில் அறை 2 டிகிரி குளிர்ந்திருந்தது என்பதே உண்மை. எஃகில் ஒட்டிய கீற்றணி எஃகின் விரிவையும் சேர்த்துச் சுமப்பதால், டிகிரிக்கு 10 அல்ல, சுமார் 24 பிகோமீட்டர் நகரும். அலுமினியத்தில் இது இன்னும் அதிகம். பக்கத்தில் ஒட்டாமல் விட்ட இழையின் நகர்வை அப்படியே கழிப்பவர்கள் டிகிரிக்கு 14 பிகோமீட்டரைக் கழிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதே எஃகின் சிறு துண்டில் இன்னொரு கீற்றணியை ஒட்டி, சுமையேற்றாமல் அருகில் வைத்து, அதன் நகர்வைக் கழிப்பதே சரியான வழி. வளைவை மட்டும் அளப்பதாயின் தகட்டின் மேலும் கீழும் ஒவ்வொன்றை ஒட்டி வித்தியாசத்தை எடுக்கலாம். வெப்பம் தானே நீங்கி, வளைவின் அளவு இரட்டிப்பாகக் கிடைக்கும்.

ஒரே இழையில் பல கீற்றணிகள் இருந்தால் அவற்றின் அலைநீளங்கள் அளவீட்டின்போது ஒன்றையொன்று தொடக் கூடாது. ±1000 மைக்ரோஸ்ட்ரெயின் என்பது ±1.2 நானோமீட்டர், வெப்பத்துக்கும் இடம் விட்டால் 4 அல்லது 5 நானோமீட்டர் இடைவெளி பாதுகாப்பானது.

அளவு திருத்தத்துக்கு 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுத் தகட்டின் ஒரு முனையை இறுகப் பிடித்து, கீற்றணியிலிருந்து 200 மில்லிமீட்டர் தள்ளி 1 கிலோ எடையைத் தொங்கவிடலாம். எஃகின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தை 200 ஜிகாபாஸ்கல் என்று கொண்டால் மேற்பரப்பில் சுமார் 262 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது ஏறத்தாழ 0.31 நானோமீட்டர் நகர்வு வர வேண்டும். 5 சதவீதம் வரை கூடுதலாக வந்தால் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம்: இழையின் மையம் தகட்டின் பரப்பில் இல்லை, அதற்குச் சுமார் 0.08 மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. 3 மில்லிமீட்டர் தகட்டில் அந்த உயரம் கணக்கில் தெரியும். கணிசமாகக் குறைந்தால் பசைப் படலம் தடித்துவிட்டது. எடையை எடுத்ததும் உச்சம் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று மூன்று முறையாவது பார்த்து, ஒவ்வொரு முறையும் அறை வெப்பநிலையைத் தொடக்க அலைநீளத்தின் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும்.

வெட்டிய இழைத் துணுக்குகளை மேசையில் விடாமல் மூடியுள்ள குப்பியில் போடுங்கள். தோலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. ஒளி பாயும் இணைப்பானின் முனையை நேராக நோக்காதீர்கள். 1550 நானோமீட்டர் ஒளியும் கண்ணுக்குத் தெரியாததுதான்.