கருவியோடு பேசும் வழியில் செய்யக்கூடாத தவறுகள்

2022 ஜூலை 8 அதிகாலை, கனடாவின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ரவுட்டர் (டேட்டாவுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவி) அமைப்பை மாற்றும்போது ஒரு வடிகட்டி நீங்கிப்போனது. அது தடுத்து வைத்திருந்த வழித்தடத் தகவல்கள் மையத்தில் இருந்த ரவுட்டர்களுக்குள் வெள்ளமாகப் பாய, அவை தாங்காமல் படுத்துவிட்டன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். கொடுமை அப்புறம்தான் தொடங்கியது. என்ன ஆயிற்று என்று ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால், நிர்வாகச் செய்திகள் போகும் வழியும் அதே மைய வலையமைப்பைத்தான் நம்பி இருந்தது. ஒருவரை ஒருவர் கூப்பிடலாம் என்றால் ஊழியர்கள் பலரின் கைபேசியிலும் அதே நிறுவனத்தின் சிம். பிழைப் பதிவுகளைக் கண்ணால் பார்க்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது.

வலையமைப்புக் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இந்தத் துறையில் முதல் தவறு இதுதான்: வாடிக்கையாளரின் டேட்டா போகும் பாதையிலேயே கருவிக்கான கட்டளையையும் அனுப்புவது. செலவு மிச்சம் என்பதால் எல்லோரும் செய்கிறோம். தனி வழி என்றால் கருவியின் நிர்வாக போர்ட், கன்சோல் சர்வர் (கருவியின் கன்சோல் துளையோடு நேரடியாக இணையும் பெட்டி), வேறொரு நிறுவனத்தின் 4ஜி சிம் போட்ட மோடம், இவ்வளவுதான். ஆனால் அந்த மோடம் உயிரோடு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது அதன் வழியாக லாகின் செய்து பாருங்கள். ரீசார்ஜ் தீர்ந்துபோன சிம்மை நம்பி இருப்பவர்களே அதிகம்.

தனி வழி இல்லாத இடத்தில் கட்டளை தட்டும்போது கூடுதல் பயம் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இரவு, தொலைதூர சைட் ஒன்றின் ரவுட்டரில் ஆக்சஸ் லிஸ்ட், அதாவது எந்த முகவரியை உள்ளே விடலாம் என்று சொல்லும் பட்டியல், போட்டேன். எல்லா வரியும் சரி. நான் உட்கார்ந்திருந்த கணினியின் ஐபி முகவரியை அனுமதிக்கும் வரியை மட்டும் விட்டுவிட்டேன். என்டர் தட்டினேன், திரை அப்படியே நின்றது. விடியும் வரை வண்டியில் போய் கன்சோல் கேபிள் செருகித்தான் அதை எடுக்க முடிந்தது. சிஸ்கோ ரவுட்டர் என்றால், மாற்றத்துக்கு முன்பு ‘ரீலோட் இன் 10’ என்று ஒரு வரி தட்டியிருந்தால் போதும். பத்து நிமிடத்தில் அதுவே மறுதொடக்கம் ஆகி, சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’. ஒரே நிபந்தனை, சோதித்துப் பார்க்கும் முன் சேமித்துவிடக் கூடாது. கருவிகளின் அமைப்பை மாற்றுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறையில் இதைவிட நாகரிகமான வசதி உண்டு: மாற்றத்தை உறுதிசெய்யும் இரண்டாவது செய்தி, வேறு நேரம் குறிக்காத வரை, 600 நொடிக்குள் வராவிட்டால், மறுதொடக்கம் எதுவும் இல்லாமலே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது, ‘அலாரம் வரவில்லை, அப்படியானால் பிரச்சினை இல்லை’ என்ற நினைப்பு. கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறையான எஸ்என்எம்பியில் கருவி தானாக அனுப்பும் டிராப் செய்தி யுடிபி என்ற நெறிமுறையில், கண்காணிப்பு சர்வரின் 162ஆம் போர்ட்டுக்குப் போகிறது. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பதில் சொல்வதில்லை; வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். அதிலும் ஃபைபர் அறுந்ததைச் சொல்லும் டிராப், அந்த அறுந்த ஃபைபர் வழியாகவே வர வேண்டியிருந்தால்? தீப்பிடித்தது என்று கத்த வேண்டியவன் எரியும் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதை. பதில் கேட்டு வாங்கும் இன்ஃபார்ம் வகையைப் பயன்படுத்துங்கள். அதோடு நிற்காமல், நீங்களே குறித்த இடைவெளியில் கருவியைக் கேளுங்கள். பதில் வராததையும் அலாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. லிங்க்கில் போன பைட்டுகளை எண்ணும் பழைய 32 பிட் கவுண்ட்டர் 4,29,49,67,295 பைட்டைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கும். 1 ஜிகாபிட் லிங்க் நிரம்பி ஓடினால் நொடிக்கு 12.5 கோடி பைட். கவுண்ட்டர் சுமார் 34 நொடியில் ஒரு சுற்று முடித்துவிடும். நாமோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம். இடையில் எட்டு முறைக்கு மேல் சுற்றி வந்திருக்கும், வரைபடம் லிங்க் காலியாக இருப்பதுபோலக் காட்டும். அதை நம்பி ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று புது இணைப்பு கொடுப்பவர்களும் உண்டு. 64 பிட் கவுண்ட்டரைக் கேளுங்கள். எஸ்என்எம்பி முதல் பதிப்பில் அது கிடையாது.

எஸ்என்எம்பியில் கடவுச்சொல் போல இயங்கும் ‘பப்ளிக்’ என்ற கம்யூனிட்டிப் பெயரை அப்படியே விட்டு வைப்பதைப் பற்றி இனியும் எழுத வேண்டுமா? பெயரை மாற்றினாலும் இரண்டாம் பதிப்பில் அது மறைக்காமல்தான் போகிறது. மூன்றாம் பதிப்புக்கு மாறும்போது மறையாக்கத்தையும் சேர்த்தே இயக்குங்கள். கருவிகளின் கடிகாரங்களை, நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறையான என்டிபியில் ஒன்றாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் எந்த அலாரம் முதலில் வந்தது என்று கடைசிவரை தெரியாது.

சோதனை செய்பவர்களுக்கு ஒன்று. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி&டி நிறுவனத்தின் தொலைதூர அழைப்பு வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் தடுமாறியது. நியூயார்க்கில் அழைப்புகளை இணைக்கும் ஒரு சுவிட்ச் தன்னைச் சரிசெய்துகொண்டு மறுபடி செய்திகளை அனுப்பத் தொடங்கியது. அது எழுந்துவிட்டதைக் குறித்துக்கொண்டிருந்த பக்கத்துச் சுவிட்சுக்கு, அந்த வேலை முடிவதற்குள் இரண்டாவது செய்தி வந்து சேர்ந்தது. மென்பொருளில் இருந்த பிழையால் அதுவும் தன்னை மீட்டமைத்துக்கொண்டது, எழுந்தது, தன் பக்கத்துச் சுவிட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. இப்படியே 114 சுவிட்சுகளும். தனித்தனியாகப் பார்த்தால் அந்தச் செய்திகள் எல்லாமே சரியானவை. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலாவதைக் கருவி மென்று முடிக்கும் முன் இரண்டாவதையும் அனுப்பிப் பாருங்கள். அன்றைக்குப் பொறியாளர்கள், சுவிட்சுகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் சிக்னலிங் செய்திகளின் சுமையைக் குறைத்த பிறகுதான் சுவிட்சுகள் ஒரு நிலைக்கு வந்தன.