வாழ்க்கை வரலாறு எழுதும் முன்: பழைய தேதிகளை எப்படிச் சரிசெய்வது?

யாரைப் பற்றி எழுதுவது, எந்த நூலகத்துக்குப் போவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வேலையை: அத்தியாயம் எழுத உட்காரும் முன் தேதி அட்டவணை ஒன்று போட்டுவிடுங்கள். உதாரணத்துக்குப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையை (1709–1761) எடுத்துக்கொள்வோம். 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதிவைத்த மனிதர், தகவலுக்குப் பஞ்சமே இல்லை.

1. நோட்டுப் புத்தகம் வேண்டாம், நடுவில் ஒரு வரி செருக முடியாது. எக்செல் போதும். ஆனால் 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது, வரிசைப்படுத்தினால் எல்லாம் குழம்பும். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் (நெடுவரிசையில்) எண்ணாகப் போடுங்கள்.

2. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746ம் அட்சய, வேலூர்ப் புரட்சி நடந்த 1806ம் அட்சய. அப்புறம், தை, மாசி, பங்குனி என்று இருந்தால் ஆங்கில வருடத்தில் ஒன்றைக் கூட்டுங்கள். அட்சய வருடம் மாசி என்றால் 1747. சித்திரை ஒன்றும் அப்போது இன்றையதைவிட மூன்று நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடும், அதனால் இன்றைய காலண்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தமிழ்த் தேதிக்கு ஆங்கிலத் தேதி காட்டும் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணைகள் 1799 வரை இருக்கின்றன, எனக்கு இணையக் கருவிகளைவிட அவற்றின் மேல்தான் நம்பிக்கை.

3. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் ஒரே நாள்தான். 1752 வரை ஆங்கிலேயர் பழைய (ஜூலியன்) காலண்டரையே வைத்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் இன்றைய (கிரிகோரியன்) காலண்டரை, அதனால் பதினொரு நாள் வித்தியாசம். இது தெரியாமல் இரண்டு ஆவணங்களையும் கலந்தால், கோட்டை விழுந்த பிறகும் உள்ளே ஆங்கிலேயர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்! போதாததற்கு அவர்களுக்குப் புது வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும். ஆங்கில ஆவணத்தில் 1746 பிப்ரவரி என்று இருந்தால் அது நம் கணக்கில் 1747ஆக இருக்கலாம்.

4. கடைசியாக, ‘சொன்னவர் யார்’ என்று ஒரு பத்தி. தலைமை துபாஷாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்த பிறகுதான் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அந்தப் பதவி வந்தது. ஆகவே முதலியாரைப் பற்றிப் பிள்ளை எழுதியதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை: மாற்றிய தேதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. மூலத்தில் இருந்தபடியே ஒரு பத்தியில் இருக்கட்டும், மாற்றியது பக்கத்தில். ஏற்கெனவே மாற்றியதையே மறுபடி பதினொரு நாள் தள்ளிவிடுவது ரொம்ப சுலபம்.