வாக்கர் வேண்டாம், தரையில் விடுங்கள்

ஏழெட்டு மாதக் குழந்தைக்குச் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. இருக்கையில் தொங்கியபடி நுனிக்காலால் உந்தித்தான் குழந்தை நகரும். தன் எடையைத் தாங்கவோ, சாயும்போது சமாளிக்கவோ பழகாது. நொடியில் படிக்கட்டுக்கோ அடுப்படிக்கோ போய்விடும். கனடா 2004-லேயே இவற்றின் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

பாயை விரித்துத் தரையில் விடுங்கள். பிடித்த பொருளைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள், தவழ்ந்து வரட்டும். பிறகு அசையாத கட்டில் ஓரத்தைப் பிடித்து நிற்கும், பக்கவாட்டில் அடி வைக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில் சாக்ஸ் போடாதீர்கள். வெறும் பாதம்தான் பிடிமானம். நிற்கப் பழகியபின் நம் பழைய மர நடைவண்டி நல்லது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதில் குழந்தை தன் காலில் நின்றுதான் தள்ளுகிறது!

சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடும், கவலை வேண்டாம். ஒன்பதாவது மாதமே நடப்பதும் உண்டு, பதினேழாவது மாதம் நடப்பதும் உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். 18 மாதமாகியும் தனியாக நடக்கவில்லை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.