மாணவருக்கு அடுத்த கிளாரினெட் வாங்குமுன்

பிளாஸ்டிக் கிளாரினெட்டில் பயின்ற மாணவருக்கு கிரெனடில்லா என்னும் கருமரத்தில் செய்த கருவி வாங்குமுன், வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாதக் குறை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய மரக்கருவியானால், மேல்பகுதியைத் தனியே கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாய்வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சியதால் உள்ளே உண்டாகும் பிடிப்பு சில நொடிகள்கூட நிற்காமல் தளர்ந்தால், சாவிகளுக்கு அடியில் துளைகளை மூடும் மெத்தைகளான பேடுகள் கசிகின்றன என்று பொருள், விலையைக் குறைத்துக் கேட்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம். ரெஜிஸ்டர் சாவியை அழுத்தினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேலே ஏறும் வாத்தியம் இது என்பதால், கீழ் ஸ்வரமும் சாவியை அழுத்தி வரும் மேல் ஸ்வரமும் சுருதி சேர்கின்றனவா என்று, சுருதி காட்டும் கருவியான டியூனரில் ஒப்பிடுங்கள்.

புதிய மரக்கருவியை முதல் சில வாரங்கள் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதலாகாது. மதுரையின் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் மரம் வெடிக்கக்கூடும். வீதி ஊர்வலத்துக்குப் பழைய பிளாஸ்டிக் கருவியே போதும், அதை விற்றுவிட வேண்டாம்.