சிறு நிறுவனத்தின் தரவைக் காப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

கணினிப் பணிக்கெனத் தனி ஊழியர் இல்லாத, பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். விலை உயர்ந்த பாதுகாப்பு மென்பொருளைத் தேடுவதற்கு முன் கீழ்க்கண்ட வேலைகளை வரிசையாக முடித்துவிடுங்கள்.

முதல் படி: கணக்கெடுப்பு. ஒரு தாளில் மூன்று பத்திகளாகக் கோடு கிழித்து, உங்களிடம் என்னென்ன தரவுகள் உள்ளன, அவை எங்கே இருக்கின்றன, யார் யார் திறக்க முடியும் என்று எழுதுங்கள். பணியை விட்டுச் சென்ற ஒருவரின் பெயர் மூன்றாவது பத்தியில் நிச்சயம் தலைகாட்டும். அந்தக் கணக்கை அன்றே முடக்குங்கள்.

இரண்டாம் படி: மின்னஞ்சல். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான இணைப்புகள் வந்து சேரும் இடம் இதுவே என்பதால், இது பறிபோனால் ஏனையவையும் ஒவ்வொன்றாகப் பறிபோகும். நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைத்து, கடவுச்சொல்லோடு ஒரு தற்காலிக எண்ணையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை ஏமாற்றித் தம் சிம் கார்டுக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி இருப்பதால், குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, கைபேசியில் நிறுவும் சரிபார்ப்புச் செயலி தரும் எண் மேலானது.

மூன்றாம் படி: காப்புப் பிரதி. இதற்கு மட்டும் ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். தரவின் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றுள் 1 அலுவலகத்துக்கு வெளியே என்பது பழைய விதி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், கணினியில் செருகியிருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், ஒரு பிரதியாவது இணைப்பிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்னும் தீநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்த அதன் முக்கியச் சர்வர்கள் ஒருசேர அழிந்தன. மின்தடையால் இணைப்பற்றுக் கிடந்த கானா நாட்டுச் சர்வர் ஒன்று மட்டுமே தப்பியது. அங்கே மின்தடை தற்செயலாகச் செய்ததை நீங்கள் வாரந்தோறும் வேண்டுமென்றே செய்யுங்கள். மாதம் ஒருமுறை, ஏதேனும் ஒரு கோப்பைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பிரதியை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நான்காம் படி: புதுப்பிப்புகள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் ரேன்சம்வேர் பரவக் காரணமான விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிட்டால் இந்தப் படி முடிந்தது.

ஐந்தாம் படி: பணப் பட்டுவாடா. உங்களுக்கு வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரிடமிருந்து, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது, இம்மாதத் தொகையைப் புதிய எண்ணுக்கு அனுப்பவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. பெயர், கையொப்பம், பழைய கடிதத் தொடர் எல்லாம் சரியாகவே இருக்கும். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்: ஆங்கிலச் சிறிய எழுத்து ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டும் ஒட்டி நின்றால், அவசரக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அவருடைய கணக்கே களவாடப்பட்டிருந்தால் முகவரியும் சரியாகவே இருக்கும். ஆகவே, கணக்கு எண் மாற்றம் எதுவானாலும், அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அன்றி, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே பணம் அனுப்புவது என்று எழுத்துபூர்வமாக விதி செய்யுங்கள். முதலாளியே அவசரப்படுத்தினாலும் இவ்விதியைத் தளர்த்தக் கூடாது. மோசடிக்காரர்கள் அவர் பெயரிலும் எழுதுவார்கள்.

ஆறாம் படி: தாக்குதல் நிகழ்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை. பாதிக்கப்பட்ட கணினியின் வலையமைப்புக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையைத் துண்டியுங்கள். நினைவகத்தில் உள்ள தடயங்கள் அழிந்துவிடும் என்பதால், உடனே அணைத்துவிட வேண்டாம். பின்னர் வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கும் காவல் துறைக்கும் தெரிவியுங்கள். இவர்களுடைய தொலைபேசி எண்களை இன்றே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஏனெனில் அன்றைக்கு அவை பூட்டப்பட்ட கணினிக்குள் சிக்கிக்கொண்டிருக்கும்.